ஞாயிற்றுக்கிழமைப் பந்தி

காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்தைக் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டிய மனுஷியை என் ஆயுளில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தக் கசப்பு நாக்கைவிட்டுப் போக அரை நாள் பிடிக்கும். குடித்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், காறித் துப்புவார்கள், என் தகப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவார்கள். அவள் மட்டும் கோப்பையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் வாயில் விட்டுக்கொண்டு, "சக்கரைதான் ஒரு துளி கம்மிங்க, டாக்டரய்யா" என்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்கள் தங்கள் முறை வரும்போது அவ்வளவாகத் துப்புவதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். இருந்தாலும் எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

நான் டாக்டர் இல்லை. இலங்கையில் வரக்காப்பொலையிலிருந்து உள்ளே ஐந்தாறு மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவன். டிஸ்பென்சர் என்று பெயர். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கஹவத்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்கள் மரியாதைக்கு டாக்டரய்யா என்றார்கள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். அவளை நான் 'நீ' என்றுதான் பேசினேன். உத்தியோகத்தில் இருக்கிறவன் லயத்துப் பெண்களிடம் அப்படித்தான் பேசவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே வந்துவிட்டது.

ஆள் ஒல்லி. மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. விடியுமுன் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலையேறினால், வெயில் ஏறுவதற்குள் தன் பங்கு மரங்களையெல்லாம் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். இறங்கிப் போகும் வழியில் என் மருந்துக்கூடம். தினமும் எட்டிப் பார்ப்பாள். நோய் ஒன்றும் இருக்காது.

"இன்னிக்கு ஒரு யோகமுங்க!"

"என்ன?"

"ஒரு மரத்துல பட்டை அறுபடவே இல்லைங்க. ஆரம்பிச்ச எடத்துலேருந்து முடிக்கிற எடம் வரைக்கும் ஒரே சுருளா வந்துச்சு. பாருங்க."

மடியிலிருந்து அந்தப் பட்டைச் சுருளை எடுத்து என் மேசையில் வைப்பாள். இன்னொரு நாள், ஒரு அட்டைகூடக் கடிக்காமல் பள்ளத்து மரங்களை முடித்துவிட்ட யோகம். வேறொரு நாள், கங்காணி அவளைத் திட்ட வாயைத் திறந்தபோது அவருக்குத் தும்மல் வந்து, தொடர்ந்து ஆறு தும்மல் தும்மி, என்ன திட்ட வந்தோம் என்பதை அவரே மறந்துபோன யோகம். இதைச் சொல்லும்போது அந்த ஆறு தும்மலையும் தும்மிக் காட்டினாள். வேலை நேரத்தில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு என்ன தலையெழுத்தா என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அவள் வராத நாளில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

கவலை தெரியாதவள் என்று அவளை நினைத்துவிடக் கூடாது. வந்த புதிதில் லயத்துக்காரர் எல்லாருடைய விவரத்தையும் பதிவுப் புத்தகத்தில் எழுதினேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன்.

"மூணுங்க."

"எங்கே? கூட்டிக்கிட்டு வரலையா?"

ஜன்னல் வழியாகத் தெரிந்த ரப்பர் மலையின் ஓரத்தைக் கை நீட்டிக் காட்டினாள். அங்கேதான் தோட்டத்துப் புதைகுழிகள் இருந்தன. "மூணும் அங்கனதாங்க. ஒண்ணுக்கும் ஒரு வயசு திரும்பல" என்றாள். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, இல்லை என்று எழுதினேன். அவள் போகாமல் நின்று, "மூணுன்னே எழுதிக்கங்களேன், அய்யா. யாரு பாக்கப் போறா" என்றாள். நான் எழுதவில்லை. படிவம் படிவம்தானே. இத்தனை வருசம் கழித்து, எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆக, அவளுக்கு என்று இருந்தவர் புருசன் ஒருத்தர்தான். பேச்சுக் குறைந்த மனிதர். இவள் பேசப் பேசச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான்.

ரப்பர் விலை விழுந்தது. சீமையில் யாருக்கும் ரப்பர் வேண்டாமாம், அதற்காக எங்கள் லயத்தில் அடுப்பு எரியவில்லை. வாரத்தில் மூன்று நாள்தான் பெரட்டு என்றார்கள், பிறகு இரண்டு நாள் என்றார்கள். தோட்டத்தில் கொடுக்கிற அரிசியும் அதே அளவுக்குக் குறைந்தது. பெட்டி படுக்கையோடு கப்பலேறி இந்தியாவுக்கு ஊர் திரும்பச் சொல்லி ஒவ்வொரு மாதமும் சில குடும்பங்களை அனுப்பினார்கள். பக்கத்துத் தோட்டங்கள் இரண்டில் டிஸ்பென்சரையும் நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்; அடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். லயத்தில் பலாக்காய்தான் சாப்பாடு. காலையில் பலா, ராத்திரிக்குப் பலா. பலாக் கிடைக்காத நாளில் மரவள்ளி, அதுவும் கிடைக்காத நாளில் தேங்காய்த் துண்டும் சுடுதண்ணீரும்.

அந்த நாட்களில்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தியை ஆரம்பித்தாள்.

அவள் லயத்தில் எட்டுக் குடும்பங்கள் இருந்தன. ஞாயிறு பகலில் யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். இருக்கிறதைக் கொண்டுவந்து அவளிடம் கொடுக்க வேண்டும். லயத்து இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், வாழையிலையை வரிசையாகப் போடுவாள். தலைவாழையிலை. பந்திக்கு உட்காருகிறவர்கள் குளித்து, உள்ளதில் நல்ல துணியைக் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும். முதலில் இலை ஓரத்தில் உப்பு. உப்பு நிஜ உப்புதான். அப்புறம் ஊறுகாய், அது ஒரு துண்டு கொறக்காப் புளி. வறுத்து இடித்த பலாக்கொட்டை பருப்பு. பிஞ்சுப் பலா கூட்டு. முற்றின பலாச்சுளையை அவித்து மசித்தது சோறு. கித்துள் கருப்பட்டியில் நகக்கண் அளவு கிள்ளிப் போட்டுக் கொதித்த தண்ணீர் பாயசம். அப்பளம் மட்டும் எதைக்கொண்டும் செய்ய முடியவில்லை. அதனால் அப்பளம் பரிமாறும்போது எல்லாரும் வாயாலேயே நொறுங்குகிற சத்தம் போடவேண்டும். போட்டார்கள், கிழவர்கள்கூடப் போட்டார்கள்.

இதெல்லாம் வேடிக்கை. பந்தியின் உயிர் இரண்டாவது சுற்றில் இருந்தது. கரண்டியோடு அவள் திரும்ப வருவாள். ஒவ்வொரு இலைக்கு முன்பும் குனிந்து, "இன்னும் ஒரு கரண்டி வைக்கிறேன், கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நெனைச்சுக்கங்க" என்று கல்யாண வீட்டு உபசாரம் எல்லாம் பேசுவாள். சாப்பிடுகிறவர் இரண்டு கைகளாலும் இலையை மூடிக்கொண்டு, "போதும், போதும், தாயி, வயித்துல எடமில்ல" என்று சொல்ல வேண்டும். அவள் விடமாட்டாள், அவர் கையை எடுக்கமாட்டார். இப்படி ஒரு மல்லுக்கட்டு நடக்கும். கரண்டியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அது எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து பலாக்காய் கொண்டுவருகிற மெனிக்கே என்ற பெண்ணையும் ஒரு தடவை பிடித்து உட்காரவைத்துவிட்டாள். பந்தி போட்ட இவள் சிங்களம் சரளமாகப் பேசுவாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மெனிக்கேயின் இலைக்கு முன்னால் குனிந்து, "அனே, தவ டிக்கக் கன்ன" என்று இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள். மெனிக்கேக்கு விளையாட்டு உடனே புரிந்துவிட்டது. இலையை மூடிக்கொண்டு, "எத்தி, எத்தி!" என்று போதும் போதும் என்று கத்தினாள். மெனிக்கே வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

இந்தக் கூத்து எதற்கு என்று நான் கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டேன்.

"தெனமும் பசிக்குது பசிக்குதுன்னே சொல்லிக்கிட்டுக் கெடக்கிறோம்ங்க. வாரத்துல ஒரு நாளாச்சும் போதும்னு வாயாரச் சொல்லிப் பாக்கணும். சொல்றப்போ வயித்துக்கு ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு. நீங்களும் ஒரு நாளைக்கு வந்து சொல்லிப் பாருங்க."

உத்தியோகக்காரர்கள் லயத்தில் கை நனைப்பதில்லை. தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கருக்குத் தெரிந்தால் என்னை உயிரோடு தின்றுவிடுவார். நோயாளியைப் பார்க்கப் போகிற சாக்கில் நான்கைந்து ஞாயிறு போய் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு தடவை ஒரு ஆள் இலையை மூடவில்லை. ரப்பர் பால் தூக்குகிறவன், ஆறு பிள்ளைக்காரன். அவள் கரண்டியோடு வந்து "இன்னும் ஒரு கரண்டி" என்றதும் அவன் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தான். கை மடியிலேயே கிடந்தது. அவள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "அப்படிக் கேளுங்க! இப்பதான் எனக்குச் சந்தோசமா இருக்கு" என்று உள்ளே போய், நிறைந்த கரண்டியோடு வந்து அவன் இலையில் வைத்தாள். பெண்கள் கடைசியாக உட்கார்ந்தபோது அவள் தனக்கு இலை போட்டுக்கொள்ளவில்லை. அதை அவள் புருசனும் நானும் மட்டும் பார்த்தோம்.

அடுத்து வந்தது காய்ச்சல். அந்த வருசம் மழை பொய்த்தது. மா ஓயா ஆறு ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது, கொசு பெருகியது. எங்கள் கேகாலைப் பக்கம் முழுவதும் குளிர்காய்ச்சல். கிராமத்தில் ஒரே வீட்டில் இரண்டு சவம், மூன்று சவம். மெனிக்கே வருவது நின்றது. தோட்டத்தில் என்னிடம் கொய்னா இருந்ததால் சாவு அவ்வளவு இல்லை, ஆனால் காய்ச்சல் வந்து போன உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றும் மிச்சமில்லை. அவள் புருசனுக்கு இரண்டு தடவை வந்தது. எழுந்து உட்கார்ந்தபோது நெஞ்செலும்பை எண்ணலாம், வயிற்றின் இடது பக்கம் காய்ச்சலில் வீங்கின மண்ணீரல் கட்டியாகத் தட்டுப்பட்டது.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இனி மருந்து என்கிட்ட இல்லை. சாப்பாடுதான் மருந்து. அரிசிக் கஞ்சி, பால், கிடைச்சா முட்டை. மூணாவது தடவை வந்தா தாங்கமாட்டார்."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பாலுக்கு எங்கங்க போவேன்?" என்றாள். பிறகு அவளே, "பாப்போம். அதுக்கும் ஒரு யோகம் வராமலா போயிரும்" என்றாள்.

யோகம் உண்மையாகவே வந்தது. காய்ச்சல் கண்ட இடங்களில் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்களுக்கு அரிசியும் பால் டின்னும் கொடுக்க அரசாங்கத்தில் இருந்து ஆள் வருவதாகத் தகவல் வந்தது. தோட்டம் தோட்டமாகப் போய் நிலைமையைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார், எழுதின இடத்துக்கு வண்டி வரும். தோட்டத்தை நடத்துகிற தொரை என்னைக் கூப்பிட்டார். நம்முடைய தோட்டத்தில் பட்டினி என்று எதுவும் கிடையாது, அப்படித்தானே என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். பெரட்டில் விசயத்தை அறிவிக்கட்டுமா என்றேன். தேவையில்லை, தோட்டத்துக்குத்தான் கெட்ட பேர் என்றார். அவர் மிரட்டவில்லை. எனக்கே போதிய பயம் இருந்தது.

அந்த ஆள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். சிங்கள உத்தியோகஸ்தர், அவர்களை மாத்தயா என்போம்; நல்ல மனிதர், முகத்திலேயே தெரிந்தது. பல ஊர் நடந்து களைத்திருந்தார். தொரையும் நானும் கூட நடந்தோம். முதல் லயத்தைத் தாண்டித் திரும்பியதும், "பாயசம் வருது, பாயசம்! ஒதுங்குங்க!" என்ற அவள் குரல் கேட்டது. இஸ்தோப்பில் வரிசையாக இலைகள். குளித்துத் தலை வாரிய சனங்கள். இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. பந்தியின் முதல் இலையில், சுவரில் சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருந்தார் அவள் புருசன். அவருக்கு முன்னால் அவள் கரண்டியோடு குனிந்து நின்றாள். அவர் இரண்டு கைகளாலும் இலையை மூடிக்கொண்டிருந்தார். அந்தக் கை நடுங்கியது உடம்பில் சத்தில்லாமல் என்று எனக்குத் தெரியும். வந்தவருக்கு அது சிரிப்பில் என்று தோன்றியிருக்கும்.

மாத்தயா வியப்போடு நின்றார். பிறகு அவளைப் பார்த்து, சாப்பாடு போதுமானபடி கிடைக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார்.

பந்தி நடக்கிற வீட்டு வாசலில் நின்று ஒரு விருந்தாளி கேட்கிறார். அவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வேறு என்ன பதில் சொல்வாள்? கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பூரித்து, "ஹொந்தட்டம எத்தி, மாத்தயா" என்றாள். தாராளமாகப் போதும். அதோடு விடவில்லை. ஐயாவும் ஒரு கை சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று ஒரு இலையை எடுத்து விரிக்கவும் போனாள். மற்றவர்களும் வந்தவருக்கு மரியாதையாக இலையை மூடிக்கொண்டே, போதும் போதும் என்றார்கள்.

அவர் சிரித்துக்கொண்டு மறுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இங்கிலீஷில், இவர்கள் சொல்வது சரிதானா, மருந்து கொடுக்கிறவர் நீங்கள்தானே, உங்களுக்குத் தெரியுமே என்று கேட்டார். தொரை தன் சப்பாத்துக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இலையில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பாயசம் எதில் செய்தது என்று தெரியும். சுவரில் சாய்ந்திருந்தவருக்கு எது வேண்டும் என்று என் வாயாலேயே சொல்லியிருந்தேன். ஒரு வார்த்தை போதாது, நாலு வார்த்தை வேண்டியிருக்கும். நாலு வார்த்தை இங்கிலீஷ் எனக்கு வரும்.

சரிதான் சார் என்றேன்.

அவர் புத்தகத்தில் எங்கள் தோட்டத்துப் பேர்மேல் ஒரு கோடு போட்டார். நான் அதைப் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். அந்த வாரம் முழுவதும் அப்படியே இருந்தேன். பத்தாவது நாள் அரிசி மூட்டையும் பால் பெட்டியும் ஏற்றிய வண்டிகள் எங்கள் தோட்டத்து ரோட்டு வழியாகவே அடுத்த தோட்டத்துக்குப் போயின. லயத்துச் சனங்கள் ரோட்டோரம் நின்று பார்த்தார்கள். வண்டிக்காரனிடம் கேட்டு விசயம் தெரிந்துகொண்டார்கள். அந்த அடுத்த தோட்டத்துக்கு மாத்தயா போனபோது ஒரு பெண் அவர் காலடியில் விழுந்து அழுதாளாம்.

அந்த வாரமே அவள் புருசனுக்கு மூன்றாவது தடவை காய்ச்சல் வந்தது. நான்கு நாள் கிடந்தார். கொய்னா கொடுத்தேன், வாந்தியெடுத்தார். கடைசி நாள் என் வீட்டுக் கஞ்சியில் ஒரு கிண்ணம் யாருக்கும் தெரியாமல் கொண்டுபோனேன். அவள் ஊட்டினாள். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. மூன்று பிள்ளைகள் கிடந்த மலையோரத்திலேயே அவரையும் வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு பகலில் மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் அவரவர் கதவருகில் நின்றார்கள். அவள் வெளியே வரவில்லை. காய்ச்சலில் பிழைத்துக்கொண்ட மெனிக்கே எப்படியோ கேள்விப்பட்டு, ஒரு பெரிய பலாக்காயைத் தலையில் சுமந்துவந்து அவள் வாசலில் இறக்கினாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். அந்தக் காயை யாரும் தொடவில்லை. அது அங்கேயே பழுத்து வெடித்தது. பசி கிடந்த லயத்தில் பலாப்பழ வாசனை நாலு நாள் அடித்தது. பிறகு யாரோ எடுத்துக் கொல்லையில் எறிந்தார்கள்.

ஊருக்கு அனுப்புகிறவர்களின் அடுத்த பட்டியலில் அவளும் இருந்தாள். ஒற்றை ஆள், அனுப்புவது சுலபம். கப்பல் ஏறுமுன் உடம்பு சுகம் என்று ஒவ்வொருவருக்கும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மருந்துக்கூட வாசலில் மூட்டை முடிச்சோடு வரிசை நின்றது. அவள் முறை வந்தது. நாக்கைப் பார்த்தேன், கண் இமையை இழுத்துப் பார்த்தேன். இரத்தமே இல்லை. படிவத்தில் சுகம் என்று எழுதத் தொடங்கினேன்.

"அந்த மாத்தயா அரிசி குடுக்கத்தான் வந்தாராமுங்களே, அய்யா" என்றாள்.

"ஆமா."

"எனக்குத் தெரியலைங்க. யாரோ விருந்தாளின்னு நெனைச்சேன். என் வாய்தாங்க எம்புருசனைக் கொன்னுபோட்டுச்சு. இந்த வாய்தான்." கையால் வாயைத் தொட்டுக் காட்டினாள். அழவில்லை.

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். எழுத இன்னும் இரண்டு எழுத்துத்தான் பாக்கி.

"லயத்துல சில பேரு, டாக்டரய்யாவுக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே நின்னாருன்னு பேசுறாங்க. நான் விடலைங்க, சண்டை போட்டுட்டேன். அவரு கஞ்சி கொண்டாந்து குடுத்த மனுசன், தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லாமலா இருந்திருப்பாருன்னு கேட்டேன். போறப்போ மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுப் போகக் கூடாதில்லீங்களா, அதான் கேக்குறேன். உங்களுக்கும் தெரியாதுதானுங்களே?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டாயப்படுத்துகிற பார்வை இல்லை அது. நான் தெரியாது என்று சொல்லிவிடுவேன் என்று முழுசாக நம்பிய பார்வை.

"தெரியாது" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. புருசன் போன பிறகு முதல் தடவையாக, அந்தப் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தாள். "எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லி, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள். படிவத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொன்னேன்.